ஜேட் செடியும் ஐப்பசி மழையும்: வாசகர் கேள்வி பதில்

ஐப்பசி பிறந்ததிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே செடியைப் பற்றித்தான். வீட்டுக்குள் தொட்டியில் குட்டி மரம் மாதிரி நிற்குமே, அந்த ஜேட். ஒருவருக்கு இலை கொட்டுகிறது, ஒருவருக்குத் தண்டு அழுகுகிறது, இன்னொருவருக்கு வாங்கிய செடி ஜேட்தானா என்றே சந்தேகம். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

"பெங்களூரில் என் மகள் வீட்டு ஜேட் குட்டி ஆலமரம் போல நிற்கிறது. அதில் ஒரு கிளையை ஊன்றி வேர் பிடித்ததும் தொட்டியோடு ஆனி மாதம் எடுத்து வந்தேன். இரண்டு மாதம் நன்றாக இருந்தது. இப்போது தொட்டாலே இலை கொட்டுகிறது, அடித்தண்டு மெத்தென்று இருக்கிறது. தினமும் அரிசி கழுவின தண்ணீர்தான் ஊற்றுகிறேன். இலை கொட்டினால் வீட்டில் பணம் தங்காது என்று மாமியார் வேறு கவலைப்படுகிறார். என்ன செய்யட்டும் அக்கா?"
– வாசகி, கும்பகோணம்

முதலில் கத்தியை எடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். அடித்தண்டு மெத்தென்று ஆகிவிட்டது என்றால் வேர் அழுகி, அழுகல் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. நாள் தள்ளினால் இன்னும் மேலே ஏறும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் கத்தியைத் துடைத்துவிட்டு, கெட்டியாக இருக்கும் இடத்தில் தண்டை வெட்டுங்கள். வெட்டிய முகத்தைப் பாருங்கள். நடுவில் பழுப்பு வளையமோ புள்ளியோ தெரிந்தால் இன்னும் மேலே போய் வெட்ட வேண்டும். உள்ளே சுத்தமான வெளிர் பச்சை தெரியும்வரை நிறுத்தாதீர்கள், பாதிச் செடி போனாலும் பரவாயில்லை. மிச்சமுள்ள கிளையை ஒரு முறத்தில் வைத்து, வெயில் படாத, காற்றோடும் இடத்தில் பத்து நாள் போட்டுவிடுங்கள். மழை நாள் என்பதால் தினம் கொஞ்ச நேரம் மின்விசிறிக் காற்றும் படட்டும். வெட்டு வாயில் மஞ்சள்தூள் தடவும் வழக்கம் இருக்கிறது, தடவிக்கொள்ளுங்கள். ஆனால் உண்மையில் காப்பாற்றுவது அது காய்ந்து பொருக்குத் தட்டுவதுதான். பொருக்குத் தட்டிய பிறகு காய்ந்த மண்கலவையில் ஊன்றி, ஒரு குச்சியை முட்டுக் கொடுத்து, ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் முதல் தண்ணீர். மூன்று நான்கு வாரத்தில் வேர் விட்டுவிடும். லேசாக இழுத்துப் பார்த்தால் பிடிமானம் தெரியும்.

இப்போது ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு வருகிறேன். ஜேட், அதாவது க்ராசுலா ஓவாட்டா, தென்னாப்பிரிக்காவிலும் மொசாம்பிக்கிலும் பாறைச் சரிவுகளில் வளர்கிற செடி. இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் தாங்கும். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத் துளையைத் திறந்து கரியமில வாயுவை வாங்கும், இது ராத்திரியில் திறக்கும். ராத்திரி வாங்கியதை அமிலமாகச் சேமித்து வைத்து, விடிந்ததும் துளையை மூடிக்கொண்டு வெளிச்சத்தில் உணவாக்கும். வெயிலில் ஈரம் போகாமல் இருக்க அது கண்டுபிடித்த வழி. இந்த முறைக்கு அறிவியலில் வைத்த பெயரே ஜேட்டின் குடும்பமான க்ராசுலேசியை வைத்துத்தான். சரி, இதற்கும் கும்பகோணத்துக்கும் என்ன என்கிறீர்களா? ராத்திரி குளிர்ந்தால்தான் இந்த வேலை நன்றாக நடக்கும். பெங்களூரில் ராத்திரி குளிரும். நம் பக்கம் சித்திரை வைகாசியில் நடு ராத்திரியிலும் சுவர் அனல் விடுகிறது, அப்போது செடி கிட்டத்தட்ட தூங்கிவிடும், வெயில் காலம்தானே என்று நாம் இரண்டு மடங்கு ஊற்றுவோம். ஐப்பசி கார்த்திகையில் காற்றே ஈரம், தொட்டி காயவே காயாது, அப்போதும் ஊற்றுவோம். காவிரித் தண்ணீர் பார்த்து வளர்ந்த நமக்கு, தொட்டி காய்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா போவது கஷ்டம்தான். எனக்குப் புரிகிறது. ஆனால் டெல்டாவில் ஜேட் சாவது தாகத்தால் இல்லை, ஈரத்தால்.

எட்டு வருஷம் வளர்த்த ஒன்றை நானே இப்படி இழந்திருக்கிறேன். முற்றத்து ஓரத்தில் வைத்திருந்தேன், ஒரு கார்த்திகையில் புயல் மழை விடாமல் பெய்த வாரம், வீட்டில் எல்லாருக்கும் வேறு வேலை, சாரல் தொட்டியில் விழுந்துகொண்டே இருந்ததை யாரும் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்துத் தொட்டபோது என் மணிக்கட்டுப் பருமன் இருந்த அடிமரம் விரலில் அமுங்கியது. உச்சியில் ஒரு கிளை மட்டும் கெட்டியாக இருந்தது. இன்று முழங்கால் உயரத்துக்கு நிற்கிற செடி அந்தக் கிளைதான்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்காதீர்கள், தென்னை ஈர்க்குச்சி ஒன்றை தொட்டியின் அடிவரை குத்தி எடுங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் ஊற்றக் கூடாது. சுத்தமாக வந்தால், அடித்துளை வழியே வழியும் அளவு நன்றாக ஊற்றிவிட்டு, கீழே தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். என் வீட்டில் தை முதல் பங்குனி வரை சுமார் பத்து நாளுக்கு ஒருமுறை வருகிறது, சித்திரை வைகாசியில் இரண்டு வாரம், அதுவும் சாயங்காலம். ஆடிக்காற்று தொட்டியை வேகமாக உலர்த்துவதால் அப்போது எட்டு நாளிலேயே கேட்கும். ஐப்பசி கார்த்திகையில் மாதம் ஒருமுறை ஊற்றினாலே அதிகம், இலை லேசாகச் சுருங்கினால் மட்டும் யோசியுங்கள். அரிசி கழுவின தண்ணீரைக் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் ஊற்றுங்கள். அதிலுள்ள மாவு தொட்டிக்குள் புளித்து, கொசு மாதிரிச் சின்ன ஈக்களைக் கூட்டி வரும்.

மாமியாரிடம் சொல்லுங்கள்: இலை கொட்டியது தண்ணீர் கூடியதால், வேறு எதனாலும் இல்லை. கொட்டிய இலைகளில் கெட்டியாக இருப்பவற்றை ஒரு தட்டு மண்மேல் பரப்பி வைத்து அவரையே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஓரிரு மாதத்தில் காம்புப் பக்கத்தில் இளஞ்சிவப்பு வேரும் குருத்தும் வரும். அவருக்கும் மனசு ஆறும்.

"எங்கள் ஊர் மண் வண்டல், காய்ந்தால் கல், நனைந்தால் களி. ஜேட்டுக்கு என்ன கலவை போடுவது? ஆற்று மணல் கிடைக்கவில்லை."
– வாசகர், மன்னார்குடி

நெல்லுக்கு வரம் என்றால் அது உங்கள் மண்தான் ஐயா, ஆனால் தொட்டிச் செடிக்கு ஒரு கைக்கு மேல் வேண்டாம். ஆற்று மணலைத் தேடவும் வேண்டாம். நம்மிடம் உமி இருக்கிறது. கருக்கிய உமி, அதாவது உருக்கெடாமல் கறுப்பாக இருக்கிற உமிக்கரி இரண்டு பங்கு, நாட்டுச் செங்கலை உடைத்துக் கொண்டைக்கடலை அளவுக்குச் சலித்த துண்டு இரண்டு பங்கு, தோட்ட மண் ஒரு பங்கு, மக்கிய மண்புழு உரம் அரைப் பங்கு. அரிசி ஆலையிலிருந்து வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சாம்பல் நிறத்தில் மாவாக இருப்பது முழுதும் எரிந்த சாம்பல், அது காரம் மிகுந்தது, தண்ணீர் பட்டால் அடைத்துக்கொள்ளும். நமக்கு வேண்டியது கறுப்பு. செங்கல் தூளையும் சலித்துத் தள்ளிவிடுங்கள், துண்டு மட்டும் போதும். நன்றாகக் கலந்து தண்ணீர் ஊற்றினால், ஊற்றிய சில நொடிகளில் அடியில் வழிய வேண்டும். தேங்கி நின்றால் இன்னும் செங்கல் சேருங்கள்.

தொட்டி மண் தொட்டியாக இருக்கட்டும். பிளாஸ்டிக்கை விட வேகமாக உலரும், எடையும் கூட. ஜேட்டுக்குத் தலை கனம், ஆடிக்காற்றில் பிளாஸ்டிக் தொட்டி கவிழ்ந்து கிளை ஒடிந்த கதை நிறைய. அளவு, வேரைவிட இரண்டு விரல் அகலம் போதும். துளைமேல் ஓட்டுச் சில்லு ஒன்று வையுங்கள். ஆனால் அடியில் ஜல்லியைக் கொட்டினால் தண்ணீர் வடியும் என்று பலர் நம்புவது சரியில்லை. ஜல்லிக்கு மேலே இருக்கும் மண்ணில் ஈரம் அப்படியே தங்கிவிடும், அடியில் இருக்க வேண்டிய ஈரம் மேலே ஏறி வேர் இருக்கிற இடத்துக்கே வந்ததுதான் மிச்சம்.

"இலை ஓரத்தில் வெள்ளைப் புள்ளி, தொட்டி வெளியிலும் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூச்சியா?"
– வாசகி, வேதாரண்யம்

விரலால் தேயுங்கள். பொடியாக உதிர்ந்தால் உப்பு. உங்கள் பக்கம் போர்த் தண்ணீர் உப்பு என்பது உங்களுக்கே தெரியும், ஜேட் இலை தன் ஓரத் துளைகள் வழியாக நீரைக் கசியவிடும், நீர் காய்ந்து உப்பு மட்டும் நிற்கும். இந்த மழையைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு டிரம் போதும், கொசு புகாமல் துணி கட்டி மூடுங்கள். கலவையில் கடல் மணல் கலந்திருந்தால் தை பிறந்ததும் முழுக்க மாற்றிவிடுங்கள்.

தேய்க்கும்போது பஞ்சு மாதிரிப் பிசுபிசுப்பாக வந்தால், அதுவும் இலைக்கும் தண்டுக்கும் இடுக்கில் இருந்தால், மாவுப்பூச்சி. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடையுங்கள், வாரம் ஒருமுறை, மூன்று வாரம். வேப்பெண்ணெய் தெளிக்காதீர்கள், மற்ற செடிக்கு நல்லது, ஜேட் இலைக்கு எண்ணெய் ஒத்துக்கொள்ளாது.

"நர்சரியில் ஜேட் என்று கொடுத்தார்கள். என் தோழியின் ஜேட் இலை ஐந்து ரூபாய்க் காசு அளவு இருக்கிறது, என்னுடையது உளுந்தம்பருப்பை விடக் கொஞ்சம் பெரிது, தண்டு செம்பழுப்பு. ஏமாற்றிவிட்டார்களா?"
– வாசகி, திருவாரூர்

ஏமாற்றவில்லை, நம் நர்சரிகளில் இதையும் ஜேட் என்றே சொல்கிறார்கள். உங்களிடம் இருப்பது போர்ட்டுலகாரியா ஆஃப்ரா. இதன் சொந்த ஊரும் தென்னாப்பிரிக்காதான், குடும்பம் வேறு, நாம் சமைக்கிற பருப்புக் கீரைக்குத் தூரத்துச் சொந்தம். அங்கே இதை யானைகள் விரும்பித் தின்னும். யானை உச்சியிலிருந்து ஒடித்துத் தின்னும், ஒடிந்து விழுந்த கிளைகள் தரையில் வேர் விட்டு இன்னும் பரவும். ஆடு வந்தால் கீழிருந்து மேய்ந்து ஒழித்துவிடும். வாசலில் வைக்கிற எண்ணம் இருந்தால் தெருவில் ஆடு வருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் டெல்டாவுக்கு இதுதான் நல்ல ஜேட். சூட்டை நன்றாகத் தாங்கும், வெட்டினால் வேகமாகக் கிளைக்கும், போன்சாய் செய்கிறவர்கள் விரும்புவதும் அதனால்தான். உங்கள் வீட்டில் பூனை இருப்பதாக எழுதியிருந்தீர்களே, இது பூனைக்குக் கெடுதல் செய்யாது. தோழியின் ஜேட்டைத் தின்றால் பூனைக்கும் நாய்க்கும் வாந்தி வரும், அவரிடம் சொல்லிவையுங்கள். ஆனால் மழைக்காலத் தண்ணீர்க் கட்டுப்பாடு இரண்டுக்கும் ஒன்றுதான்.

"ஹாலில் வைக்க 'பென்சில் கள்ளி' என்று ஒரு செடி வாங்கினேன். இலையே இல்லை, பச்சைக் குச்சியாக மரம் மாதிரி அழகாக இருக்கிறது. இரண்டு வயதுப் பேரன் வீட்டில் இருக்கிறான்."
– வாசகர், மயிலாடுதுறை

ஐயா, அதை இன்றே வீட்டை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள். அது வேறொன்றும் இல்லை, நம் வேலிகளில் நின்ற திருகுகள்ளி. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் அறிவியல் பெயர் வைத்தபோது நம் பக்கத்துப் பெயரையே எடுத்து யூஃபோர்பியா திருக்கள்ளி என்று வைத்தார், அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்றாலும். ஒடித்தால் வரும் பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டுவிட்டால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கண்ணைக் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும், தாய்ப்பால் விடுவது போன்ற கைவைத்தியத்தில் நேரம் போக்கக் கூடாது. ஆடு மாடு கடிக்காது என்பதால்தான் பெரியவர்கள் அதை வேலிக்கு வைத்தார்கள். பேரன் பள்ளிக்கூடம் போகிற வயது வரட்டும், அதுவரை மொட்டை மாடியில் அவன் போகாத மூலையில் நிற்கட்டும், நல்ல வெயிலில் இன்னும் அழகாகவே வளரும்.

"என் ஜேட் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது, ஆனால் மரம் மாதிரி இல்லை. நெடுக வளர்ந்து சாய்கிறது. பூவும் இல்லை."
– வாசகர், தஞ்சாவூர்

வெளிச்சம் போதவில்லை. நமக்குப் பேப்பர் படிக்கப் போதுமான வெளிச்சம் செடிக்குப் போதாது. பகலில் செடிக்கு மேல் ஒரு அடி உயரத்தில் கையை நீட்டுங்கள், இலைமேல் விரல் விரலாகத் தெளிவான நிழல் விழ வேண்டும். கலங்கலாக விழுந்தால் இடம் மாற்றுங்கள். முற்றம் வைத்த பழைய வீடு என்றால் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரம்போல இடம் கிடைக்காது, சாரல் அடிக்கும் இரண்டு மாதம் மட்டும் உள்ளே தள்ளி வையுங்கள். புது வீடு என்றால் கிழக்கு ஜன்னல், கிரில்லை ஒட்டி. நிழலில் இருந்ததை ஒரே நாளில் வெயிலுக்குக் கொண்டுபோனால் இலை வெந்துவிடும், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். வெளிச்சம் சரியானால் இலை ஓரம் சிவக்கும், அது நோய் இல்லை. வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பிவிட்டால் சாயாது.

மர உருவம் வெட்டினால்தான் வரும். எந்த உயரத்தில் கிளை பிரிய வேண்டுமோ அங்கே, ஒரு ஜோடி இலைக்குச் சற்று மேலே தலையைக் கிள்ளுங்கள், அந்த இலைக் கக்கங்களிலிருந்து இரண்டு கிளை வரும். அவை நான்கு ஜோடி இலை விட்டதும் அவற்றையும் கிள்ளுங்கள். கீழ்ப்பக்க இலைகளை ஒரேயடியாக உருவிவிடாதீர்கள், அடிமரம் பருக்க அவைதான் தீனி, தண்டு தடித்த பிறகு எடுக்கலாம். மூன்று நான்கு வருஷம் ஆகும். பூவை எதிர்பார்க்க வேண்டாம், அதற்குக் குளிர்ந்த நீளமான ராத்திரிகள் வாரக்கணக்கில் வேண்டும், நம் மார்கழிக் குளிர் அதற்குப் போதாது.

அழுகிய செடியைக் காப்பாற்ற வெட்டுவது வேறு, இதையெல்லாம் இப்போது செய்யாதீர்கள். மழை ஈரத்தில் வெட்டு வாய் லேசில் ஆறாது. பொங்கல் முடிந்து, பகல் வெயிலும் ராத்திரிக் குளிருமாக இருக்கும் தை மாசிதான் இந்தச் செடி நம் ஊரில் நன்றாக வளரும் காலம், கிள்ளுவதும் தொட்டி மாற்றுவதும் அப்போதுதான். அதுவரை இடத்தை மட்டும் மாற்றிவிட்டு, கத்தரிக்கோலையும் தண்ணீர்ச் செம்பையும் தள்ளியே வைத்திருங்கள்.