ரிப்போர்ட்டில் ‘இல்லை’ என்றால் இல்லையா?

உணவிலும் பேக்கிங்கிலும் உள்ள ரசாயனங்களைச் சோதிப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

கேள்வி: ஓர் உணவு மாதிரியைக் கொடுத்து, ‘கெடுதலான ரசாயனம் ஏதாவது இருக்கிறதா, எல்லாவற்றையும் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று லேபில் கேட்கலாமா?

லேபுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் பார்க்கிற கருவி என்று ஒன்று கிடையாது. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைத் தேட மாதிரியை அமிலத்தில் கரைக்க வேண்டும். பூச்சிமருந்து எச்சத்துக்கு வேறு கரைப்பான், வேறு கருவி. மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் காணும் இன்றைய மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்கள் ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான பூச்சிமருந்துகளைத் தேடும் என்பது உண்மைதான். ஆனால் வழக்கமான சோதனையில், பட்டியலில் எழுதிக் கொடுத்ததை மட்டும்தான் தேடும். பட்டியலில் இல்லாதது மாதிரியில் கொட்டிக் கிடந்தாலும் ரிப்போர்ட்டில் வராது.

2008இல் சீனாவில் நடந்தது இதுதான். பாலில் தண்ணீர் கலந்தவர்கள், புரதம் குறைந்தது தெரியாமலிருக்க, பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் மெலமைன் என்ற ரசாயனத்தைச் சேர்த்தார்கள். புரதச் சோதனைக்கு வழக்கமாகப் பயன்படும் கெல்டால் முறை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, அதைப் புரதமாகக் கணக்குப் போடுகிறது. மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சோதனை தவறவே இல்லை. நைட்ரஜன் எவ்வளவு என்று கேட்டார்கள், அதைச் சரியாகச் சொன்னது. சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். மெலமைன் இருக்கிறதா என்று தேடும் வழக்கம் அதற்கு முன் பால் சோதனையில் கிடையாது.

ஆகவே லேபுக்குப் போகுமுன், எதைச் சந்தேகப்படுகிறீர்கள், ஏன் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

கேள்வி: ‘கண்டறியப்படவில்லை’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. துளிகூட இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. அந்தக் கருவியால், அந்த முறையில் பிடிக்க முடிகிற அளவுக்கு இல்லை என்று மட்டுமே பொருள். பக்கத்தில் ‘அளவிடும் எல்லை’, அதாவது அந்த முறையால் அளக்க முடிகிற மிகக் குறைந்த அளவு, என்று ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். தனி வரம்பு குறிக்கப்படாத பூச்சிமருந்துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். லேபின் அளவிடும் எல்லையோ 0.05 என்றால், அந்த வரம்பைப் பொறுத்தவரை ‘கண்டறியப்படவில்லை’ என்ற வார்த்தைக்கு மதிப்பே இல்லை. எல்லை எண் இல்லாத ரிப்போர்ட்டை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

கேள்வி: பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து உணவுக்குள் என்ன இறங்குகிறது என்று எப்படிச் சோதிக்கிறார்கள்? உணவையே வைத்துப் பார்ப்பார்களா?

பெரும்பாலும் இல்லை. உணவு குழப்பமான பொருள். அதற்குள்ளேயே ஆயிரம் சேர்மங்கள் இருக்கின்றன. அதனால் உணவுக்குப் பதிலாக ஒரு திரவத்தை வைப்பார்கள். புளிப்பான உணவுக்கு 3 சதவீத அசிட்டிக் அமிலம், தண்ணீர்ப்பாங்கான உணவுக்கு 10 சதவீத எத்தனால், கொழுப்பான உணவுக்குத் தாவர எண்ணெய் என்று ஐரோப்பிய விதியில் வகை பிரித்திருக்கிறார்கள். சாதாரண அறை வெப்பத்தில் நெடுநாள் வைக்கும் டப்பாவென்றால் 40 டிகிரியில் 10 நாள். (நாளைக்கே ரிப்போர்ட் வேண்டும் என்பவர்களிடம் இந்தப் பத்து நாளை விளக்குவதுதான் சோதனையைவிடக் கடினம்.) பிறகு திரவத்துக்குள் இறங்கியது எவ்வளவு என்று எடை பார்ப்பார்கள். டப்பாவின் உட்பரப்பில் சதுர டெசிமீட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது.

ஆனால் இது மொத்தக் கணக்கு. அந்தப் பத்து மில்லிகிராமுக்குள் இருப்பது தீங்கில்லாத மெழுகா, மைக்ரோகிராம் அளவிலேயே கெடுதல் செய்கிற பொருளா என்று இந்த எண் சொல்லாது. அதற்குத் தனித்தனியாகத் தேட வேண்டும். இன்னொன்று: குளிர்பெட்டிக்கென்று சோதித்துத் தேறிய டப்பாவில் கொதிக்கிற எண்ணெய்ப் பண்டத்தை ஊற்றினால், அந்தத் தேர்ச்சி உங்களுக்கு உதவாது. சூடும் எண்ணெயும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கிலிருந்து இறங்குவது பெரும்பாலும் கூடும்.

கேள்வி: ‘பிபிஏ இல்லாதது’ என்ற முத்திரையை நம்பலாமா?

பிபிஏ, அதாவது சில பிளாஸ்டிக்குகளைத் தயாரிக்கப் பயன்படும் பிஸ்பீனால் ஏ, இல்லை என்பதை நம்பலாம். அதற்குமேல் எதையும் அந்த முத்திரை சொல்லவில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த பிஸ்பீனால் எஸ் அந்த இடத்தில் வந்திருக்கலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பிபிஏவின் தினசரி ஏற்பு அளவை (ஆயுள் முழுக்கத் தினமும் உடலுக்குள் போனாலும் கெடுதலில்லை என்று கருதும் அளவை), உடல் எடையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமிலிருந்து 0.2 நானோகிராமாக, 20,000 மடங்கு குறைத்தது. நேற்று தேறிய பொருள் இன்று தேறாமல் போக, பொருள் மாற வேண்டியதில்லை.

கேள்வி: ஒரே சரக்கு நிலக்கடலையில் ஒரு லேப் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இல்லை என்கிறது, இன்னொன்று வரம்பு மீறியது என்கிறது. யார் பொய் சொல்கிறார்கள்?

இருவரும் உண்மையே சொல்லியிருக்கலாம். இந்த நஞ்சு சரக்கு முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. ஆயிரக்கணக்கான பருப்புகளில் ஒன்றிரண்டில் மட்டும் மிகக் கூடுதலாக இருக்கும். அது யார் கையில் அகப்பட்டது என்பதுதான் வித்தியாசம். அதனால்தான் பெரிய சரக்கில் நூறு இடம் வரை கைபோட்டு, கிலோக்கணக்கில் சேர்த்து, மொத்தத்தையும் மாவாக அரைத்துக் கலந்த பிறகே சிறிதளவு எடுக்கிறோம். இரண்டு லேபுக்கும் மூட்டையின் வாயிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பியிருந்தால், சண்டை லேபுகளுக்கிடையில் அல்ல, கைப்பிடிகளுக்கிடையில்.