கோழிக்குஞ்சு ஹீட்டரில் முழுச் சூடு வரவில்லை: கோளாறு காயிலிலா, ஒயரிலா?

கேள்வி: தாளவாடிப் பக்கம் இருக்கிறேன். 1,000 நாட்டுக்கோழிக் குஞ்சுகளை இறக்கி நான்கு நாள் ஆகிறது. புரூடரில் (குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் தடுப்பு) 230 வோல்ட், 2,000 வாட் காயில் ஹீட்டர் போட்டும் இரவில் குஞ்சுகள் அதன் அடியிலேயே குமிந்துவிடுகின்றன. வீட்டு போர்டிலிருந்து கொட்டகைக்கு 100 மீட்டர் தூரம், 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் தடிமன்) காப்பர் ஒயர். காயில் போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார் எலக்ட்ரீஷியன். ஹீட்டர் ஓடும்போது வீட்டில் 215 வோல்ட், கொட்டகையில் 196. அணைத்தால் கொட்டகையிலும் 215. ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் 7.4 ஆம்பியர் காட்டியது. காயிலை மாற்றவா? இதே கணக்கைக் கிணற்று மோட்டாருக்கும் போடலாமா?

பதில்: காயிலை மாற்ற வேண்டாம். நீங்கள் அளந்து அனுப்பிய எண்களே அது நன்றாக இருக்கிறது என்று சொல்கின்றன. ஹீட்டரை ஓடவிட்டு இரண்டு முனையிலும் வோல்டேஜ் பார்த்தீர்களே, அதுதான் சரியான முறை. அணைத்துவிட்டு அளந்தால் ஒயரில் கரண்ட் ஓடாது, அதனால் வோல்டேஜும் குறையாது. எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும்.

முதலில் காயில். வோல்டேஜை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். 196 ÷ 7.4 = சுமார் 26.5 ஓம். புதுக் காயிலுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? ஹீட்டரில் எழுதியிருப்பதை வைத்தே பார்க்கலாம்: 230 × 230 ÷ 2,000 = 26.45 ஓம். இரண்டும் ஒன்றுதான். காயிலின் ஒரு பகுதி அறுந்திருந்தாலோ ஒட்டிக்கொண்டிருந்தாலோ இந்த எண் இப்படிப் பொருந்தி வராது.

அடுத்து, குஞ்சுகளுக்கு உண்மையில் எவ்வளவு சூடு கிடைக்கிறது? வோல்டேஜையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். 196 × 7.4 = 1,450 வாட். 2,000 வாட் என்று எழுதியிருக்கும் ஹீட்டர் 1,450-தான் தருகிறது. 230-க்கு 196 என்பது 15 சதவீதக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் வோல்டேஜ் குறையும்போது கரண்டும் சேர்ந்தே குறைகிறது. இரண்டும் பெருகி வரும் வாட் அதனால்தான் 27 சதவீதம் குறைந்துபோகிறது.

மீதிச் சூடு எங்கே போனது? வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே 19 வோல்ட் காணவில்லை. 19 ÷ 7.4 = 2.57 ஓம். இது ஒயரின் தடை. 1.5 ஸ்கொயர் காப்பர் ஒயருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 12.1 ஓம் வரை தடை உண்டு. கரண்ட் போய்த் திரும்பி வர வேண்டும் என்பதால் உங்கள் 100 மீட்டர் கணக்கில் 200 மீட்டர் ஆகிறது. அதாவது 2.42 ஓம். இது 20 டிகிரி செல்சியஸில் உள்ள அளவு. ஒயர் சூடாகும்போது டிகிரிக்கு 0.4 சதவீதம் ஏறும். கரண்ட் ஓடி ஒயர் 35 டிகிரி வந்தாலே 2.57 ஆகிவிடும். ஆக, ஜாயின்ட்டில் பெரிய பழுது இருப்பதாகவும் தெரியவில்லை. அவ்வளவு தூரத்துக்கு அந்த ஒயர் மெல்லிசு, அவ்வளவுதான். அந்த ஒயரே 19 × 7.4 = 140 வாட்டைத் தின்று சூடாகிக்கொண்டிருக்கிறது. இரவு 12 மணி நேரம் ஓட்டினால் 1.7 யூனிட் வீண்.

4 ஸ்கொயர் காப்பர் ஒயர் இழுங்கள். தடை ஒரு ஓமுக்குள் வந்துவிடும். அதே 215 வோல்ட்டில் ஹீட்டருக்கு 207 வோல்ட் கிடைத்து சுமார் 1,620 வாட் தரும். 6 ஸ்கொயர் போட்டால் கூடுதலாகக் கிடைப்பது 40 வாட்தான், அதற்குச் செலவு செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. ஒயர் மாற்றியும் 2,000 வராதே என்றால், ஆமாம், வராது. வீட்டிலேயே 215 இருப்பதால் ஒயரில் துளியும் இழப்பு இல்லாவிட்டாலும் 1,744 வாட்தான் உச்சம். குளிர் காலத்தில் ஒரு குஞ்சுக்கு 2 வாட் வேண்டும் என்பது பொதுக் கணக்கு, உங்கள் 1,000 குஞ்சுக்கு 2,000 வாட். குறைகிற 400 வாட்டுக்கு, புது ஒயர் போட்ட பிறகு, நான்கு 100 வாட் குண்டு பல்புகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஒயரிலேயே இன்னொரு 1,000 வாட் ஹீட்டரை மாட்ட மட்டும் தயவுசெய்து வேண்டாம். கணக்குப்படி சூடு கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் கரண்ட் 10.6 ஆம்பியர் ஆகி, ஒயரில் விரயமாகும் சூடு 290 வாட்டுக்கு ஏறும். இன்று சுமாராக இருக்கும் ஜாயின்ட் அன்று கொதிக்கும். கீழே காய்ந்த உமி பரப்பிய கொட்டகையில் அது தீ விபத்தில் முடியலாம்.

ஒயர் வரும்வரை காத்திருக்காமல் இன்றிரவே தகரத் தடுப்பின் வட்டத்தைச் சற்றுக் குறுக்குங்கள். காற்று வரும் பக்கம் சாக்குப் படுதா கட்டுங்கள், மேலே காற்றோட்டத்துக்கு இடம் விடுங்கள். முதல் வாரம் குஞ்சு மட்டத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வேண்டும், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டரை விடக் குஞ்சுகளை நம்புங்கள்: வட்டம் முழுக்கப் பரவிப் படுத்தால் சரி, தகரத்தை ஒட்டி ஒதுங்கினால் சூடு அதிகம். இப்போதுபோல் குமிந்தால் அடியில் சிக்கிய குஞ்சுகள் மூச்சுத் திணறிச் செத்துவிடும், இரவில் ஒருமுறை எழுந்து பார்த்துவிடுங்கள்.

அப்புறம் மோட்டார். அதற்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. சிங்கிள் பேஸ் மோட்டார் 230 வோல்ட்டில் 9 ஆம்பியர் எடுத்தால் பெருக்கி வருவது 2,070. ஆனால் அது வாட் இல்லை. பவர் ஃபேக்டர் (பெருக்கி வரும் எண்ணில் உண்மையான வாட்டின் பங்கு) 0.8 என்றால் உண்மையில் சுமார் 1,650 வாட். 230-ஐ 9-ஆல் வகுத்து வருவதும் காயிலின் தடை ஆகாது. சுருளின் காந்த விளைவும் அதில் சேர்ந்திருக்கிறது. இன்னொரு வித்தியாசமும் உண்டு: வோல்டேஜ் குறைந்தால் ஹீட்டர் கரண்டைக் குறைத்துக்கொள்ளும், பாரம் இழுக்கும் மோட்டாரோ கூட்டிக்கொள்ளும். காயில் கருகுவது அப்படித்தான். மோட்டாரைப் பொறுத்தவரை, ஓடும்போது எடுக்கும் ஆம்பியரை அதன் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிளாம்பைப் பேஸ் ஒயர் ஒன்றில் மட்டும் மாட்டுங்கள், இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம்தான் காட்டும்.