அணு வானியற்பியலா, பற்றரி ஆராய்ச்சியா? கிளிநொச்சி மாணவி ஒருவருக்குப் பதில்

கேள்வி: கிளிநொச்சியில் படித்து வளர்ந்தவள். பௌதிகவியல் சிறப்புப் பட்டம் முடிக்கப் போகிறேன். நட்சத்திரங்களுக்குள் நடக்கும் அணுக்கருத் தாக்கங்களில்தான் விருப்பம். வீட்டில், "எங்கட சனத்துக்கு உதவுற பற்றரி ஆராய்ச்சியைப் பார்" என்கிறார்கள். எதை எடுப்பது?

தங்கச்சி, வீட்டாரின் பேச்சைத் தட்டிவிட வேண்டாம். தொண்ணூறுகளில் வன்னிக்குள் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட தலைமுறை அது. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்காக நட்சத்திரத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் இந்த இரண்டு துறையும் இலித்தியத்தில் வந்து சந்திக்கின்றன. நான் அணுக்கருப் பௌதிகம் படித்துவிட்டு இப்போது பற்றரிக்குள் இருக்கும் இலித்தியத்தை அளக்கிற வேலையில் இருக்கிறேன், அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

1932இல் கேம்பிரிட்ஜில் காக்ராஃப்ட், வால்டன் என்ற இரண்டு பௌதிகவியலாளர்கள் புரோத்தன்களை வேகப்படுத்தி இலித்தியத்தில் மோதவிட்டார்கள். இலித்தியம்-7 கரு (புரோத்தனும் நியூத்திரனும் சேர்த்து ஏழு துணிக்கை கொண்டது) இரண்டு ஈலியம் கருக்களாகப் பிளந்தது. ஒரு கருவுக்கு 17 மில்லியன் இலத்திரன் வோல்ட்டுக்கு (அணு அளவில் சக்தியை அளக்கும் அலகு) மேல் சக்தி வெளிவந்தது. அதே இலித்தியம் பற்றரிக்குள் ஒரு மின்வாயில் இருந்து மற்றதற்குப் போகும்போது நமக்குக் கிடைப்பது அணு ஒன்றுக்கு 3, 4 இலத்திரன் வோல்ட்தான். அந்த 1932ஆம் ஆண்டுத் தாக்கமேதான் நட்சத்திரங்களுக்குள்ளும் நடக்கிறது: ஏறக்குறைய 25 இலட்சம் கெல்வினிலேயே இலித்தியம் எரிந்து போய்விடும். விண்கற்களில் இருக்கும் அளவோடு ஒப்பிட்டால் சூரியனின் மேற்பரப்பில் இலித்தியம் நூறு மடங்குக்கும் மேல் குறைவாக இருப்பது இதனால்தான்.

இதைவிடப் பெரிய புதிர் ஒன்று இருக்கிறது. பெருவெடிப்பின் முதல் சில நிமிடங்களில் எவ்வளவு இலித்தியம் உருவாகியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால், மிகப் பழைய நட்சத்திரங்களில் காண்பதைப்போல மூன்று மடங்கு வருகிறது. எங்கே பிழை? தாக்க வீதங்களிலா என்று பார்க்க, இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில், 1400 மீற்றர் பாறைக்குக் கீழே, அண்டக்கதிர்களின் தொல்லை இல்லாமல் ஈலியம்-3ஐயும் ஈலியம்-4ஐயும் சேர்த்துப் பெரிலியம்-7 ஆக்கி அளந்தார்கள் (அது 53 நாள் அரைவாழ்வுக் காலத்தோடு இலித்தியம்-7 ஆகிவிடும்). வீதங்களில் பெரிய பிழை அகப்படவில்லை, புதிர் இன்னும் தீரவில்லை. 2013இல் வெடித்த ஒரு நோவாவில் (நட்சத்திரத்தின் மேற்பரப்பில் நடக்கும் வெடிப்பு) இதே பெரிலியம்-7ஐ சுபாரு தொலைநோக்கியால் கண்டுபிடித்தார்கள். ஆக, உங்கள் ஃபோனுக்குள் இருக்கும் இலித்தியத்தில் ஒரு பங்கு அப்படியான வெடிப்புகளில் பிறந்திருக்கலாம்.

சரி, பற்றரிக்கு வருவோம். நம் பக்கத்தில் பற்றரியைக் கொல்வது வெயில். தோட்டக் கிணற்றடியில் சோலார் போட்டு, பற்றரியைத் தகரக் கொட்டிலுக்குள் வைத்தால், அந்தச் சூட்டில் கிரபைற் மின்வாயின் மேல் இருக்கும் மெல்லிய படை தடிக்கத் தொடங்கும். அதற்குள் சிக்கிய இலித்தியம் திரும்பி வராது, கொள்ளளவு குறையும். எவ்வளவு சிக்கியது, எந்த ஆழத்தில் என்று எப்படிப் பார்ப்பது? இலித்தியத்துக்கு மூன்றே இலத்திரன், எக்ஸ் கதிருக்கு அது சரியாகப் பிடிபடாது. ஆனால் மெதுவான நியூத்திரனைச் செலுத்தினால் இலித்தியம்-6 அதை விழுங்கி, ஓர் அல்பா துணிக்கையாகவும் (ஈலியம் கரு) ஒரு திரித்தியக் கருவாகவும் (பாரமான ஐதரசன்) உடையும். இரண்டும் எவ்வளவு சக்தியோடு பிறக்கின்றன என்பது துல்லியமாகத் தெரியும். வெளியே வரும்போது எவ்வளவு இழந்திருக்கிறது என்று அளந்தால் இலித்தியம் எந்த ஆழத்தில் கிடந்தது என்று சொல்லிவிடலாம். பற்றரி ஆய்வுகூடங்களில் வேதியியலாளர்கள் நிறையப் பேர், ஆனால் இந்த அளவீட்டை அணுக்கருப் பக்கத்தில் இருந்து விளங்கிச் செய்யக்கூடியவர்கள் குறைவு. உங்கள் இடம் அங்கே இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

கடமைக்காக மட்டும் பற்றரியை எடுத்தால் நாலு வருட ஆய்வுப் படிப்பை இழுத்து முடிப்பது பெரிய பாடு, அதனால் இப்போதே ஒன்றை வெட்டிவிடாதீர்கள். இறுதி வருட ஆய்வுக்கு ஒரு தாக்கத்தை எடுத்து, வெப்பநிலையோடு அதன் வீதம் எப்படி மாறுகிறது என்று பைதானில் கணக்கிடுங்கள். நட்சத்திரங்களின் உட்புறத்தைக் கணக்கிடும் மீசா (MESA) என்ற மென்பொருள் இலவசம், நல்ல மடிக்கணினி இருந்தால் ஓடும். கூடவே உணரி, நிறமாலை, வழுக் கணக்கு இந்த மூன்றையும் விடாமல் பிடியுங்கள், இரண்டு பக்கமும் இவைதான் சோறு போடும்.

இலங்கையில் ஆராய்ச்சி அணு உலை கிடையாது, ஆகவே அந்த அளவீட்டுக்கு வேண்டிய நியூத்திரன் கற்றைக்கு வெளிநாடு போகத்தான் வேண்டும். அங்கே கற்றையைப் பயன்படுத்தும் நேரத்தைப் பெரும்பாலும் ஆய்வு முன்மொழிவின் தரத்தை வைத்துத்தான் தருகிறார்கள். ஆகவே விண்ணப்பத்தில் பொதுவாக "சக்தித் துறையில் ஆர்வம்" என்று எழுதாமல், எந்தக் கரு, எந்தத் தாக்கம், எதை அளக்க வேண்டும் என்று எழுதுங்கள். இந்தக் கிழமையே உங்கள் மேற்பார்வையாளரிடம் போய், இலித்தியம்-7இல் புரோத்தன் மோதும் தாக்கத்தைத் தலைப்பாக எடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள்.