முந்தானை நுனி

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். இனி கீமோ பயன்படாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், அது அபினிலிருந்து எடுக்கும் மருந்து, அடிமையாகிவிடுவார் என்று பெரியப்பா வாங்கவிடவில்லை. ராத்திரியெல்லாம் முனகுகிறார். தாங்க முடியாமல் மொட்டைமாடியில் போய் நின்றுவிடுகிறேன். மனதை எப்படித் தேற்றிக்கொள்வது? தியானம் உதவுமா? எதையாவது வாசிக்கலாமா?

கே.

அன்புள்ள கே,

தியானம் எனக்குப் பழக்கமில்லை. வாசிப்பு எங்கும் ஓடிப்போகாது. மொட்டைமாடிக்குப் போவதில் தப்பில்லை, நானும் போய் நின்றவன்தான்.

ஆனால் அந்த மாத்திரைச் சேதியை ஒரு வரியில் எழுதிவிட்டு மனதைத் தேற்றப் போய்விட்டீர்களே, அதுதான் எனக்குக் கோபம். நாளை எண்ணிக்கொண்டிருப்பவர் அடிமையாகி என்ன செய்யப்போகிறார்? உங்கள் மனப்பாரத்தில் பாதி அவருடைய உடம்பு வலி, தம்பி. அதற்கு மருந்துச் சீட்டு உங்கள் வீட்டிலேயே கிடக்கிறது.

என் அம்மாவுக்கு 2002இல் கர்ப்பப்பை வாயில் புற்று. கடைசி ஐந்து வாரம் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொள்வாள், பிள்ளைகள் காதில் விழக் கூடாதென்று. காலையில் துவைத்தது நான். நுனியில் நூல் பிரிந்திருக்கும். மார்ஃபின் எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் கிடையாது. 1985 போதைப்பொருள் சட்டம் வந்தபின் அதை வைத்துக்கொள்ள ஏகப்பட்ட உரிமம் வேண்டியிருந்தது, ஆஸ்பத்திரிகள் கைகழுவிவிட்டன. 2014இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். இத்தனைக்கும் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் 1993லேயே வலிநிவாரண மையம் தொடங்கி, நோயாளிகளுக்கு அதே மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தார்கள். அம்மா போனபிறகுதான் எனக்கு அது தெரிந்தது. ஒரு ராத்திரி ரயில் தூரம்.

எனக்குக் கிடைக்காதது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, பெரியப்பா சொன்னாராம், மடித்து வைத்துவிட்டீர்களாம்! பெரியப்பாவா முனகுகிறார்?

நாளைக் காலை பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். வலிக்குத் தக்கபடி அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக மருத்துவர்தான் கூட்ட வேண்டும், நீங்களாகக் கூட்டவோ திடீரென்று நிறுத்தவோ கூடாது. மெதுவாகக் கரையும் வகை இல்லாமல் சாதாரண மார்ஃபின் மாத்திரை என்றால் பெரும்பாலும் நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் கொடுக்கச் சொல்வார்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் சில நாள் அசதியாக இருக்கும். மலச்சிக்கல் அநேகமாக வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்குங்கள்.

அப்பா ஒரு ராத்திரி தூங்கட்டும். அப்புறம் எழுதுங்கள், புத்தகம் சொல்கிறேன்.