மன்னன் வந்தாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஹத்செப்சுத் தொடர் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. வந்த கடிதங்களையெல்லாம் கானாடுகாத்தான் வீட்டு முகப்பில் பரப்பி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டேன். தொடரைப் படிக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஹத்செப்சுத் எகிப்தை சுமார் கி.மு. 1479 முதல் 1458 வரை ஆண்ட பெண். முதலாம் துத்மோஸின் மகள், இரண்டாம் துத்மோஸின் மனைவி. கணவர் இறந்தபோது, இன்னொரு மனைவிக்குப் பிறந்த மூன்றாம் துத்மோஸ் சின்னப் பிள்ளை. அவன் பெயரில் ஆட்சியைப் பார்த்துக்கொள்ள வந்தவர், சில ஆண்டுகளில் தானே மன்னராக முடி சூடிக்கொண்டார்.

*சிவகங்கைச் சீமையில் இருந்துகொண்டு வேலு நாச்சியாரை எழுதாமல் எகிப்துக்கு ஏன் போனீர்கள்?*
(சிவகங்கை வாசகர் ஒருவர்)

கோபமாகவே கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். 1772-ல் காளையார்கோவிலில் கணவர் கொல்லப்பட்ட பிறகு எட்டு வருஷம் காத்திருந்து, 1780-ல் சீமையை மீட்டவர் நாச்சியார். இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் அவர் கதையைச் சொல்லும். ஹத்செப்சுத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அபைடோஸ் கோயில் சுவரில் முதலாம் சேத்தி மன்னர் தமக்கு முன்னால் ஆண்டவர்கள் என்று, தம் பெயரோடு சேர்த்து 76 பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார். இரண்டாம் துத்மோஸுக்கு அடுத்து மூன்றாம் துத்மோஸ் வந்துவிடுகிறார். இடையில் இருபது வருஷத்துக்கு மேல் ஆண்டவர் பெயர் இல்லை. முப்பது வருஷம் பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுத்தவள் நான். அந்தப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் அந்த இடத்துக்கு வந்ததும் மனசு நின்றுவிடும். அதனால்தான் எழுதினேன்.

*ஏழாவது அத்தியாயம் வரை "அவள்", பிறகு "அவர்", கடைசி அத்தியாயத்தில் மறுபடியும் "அவள்". அச்சுப்பிழையா?*
(காரைக்குடி கல்லூரி மாணவி)

பிழை இல்லை அம்மா, தெரிந்தே செய்தது. இதை ஒருவராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

எகிப்திய மொழியில் பெண்பாலுக்கு ஒரு விகுதி உண்டு. சொல்லின் கடைசியில் வரும் சின்ன 'த்' ஒலி. ஹத்செப்சுத்தின் சிலைகள் பலவற்றில் மன்னருக்குரிய பொய்த்தாடி இருக்கிறது. தலைத்துணி, இடுப்பாடை எல்லாம் ஆண் மன்னருடையவை. ஆனால் பக்கத்தில் இருக்கிற எழுத்தைப் படித்தால் பல இடங்களில் பெண்பால் விகுதி. "ரே தெய்வத்தின் மகன்" என்று வர வேண்டிய இடத்தில் "மகள்" என்று இருக்கும். எகிப்திய எழுத்தைப் படிக்க வழி கண்ட ஷம்போலியோன் 1829-ல் தெய்ர் எல்-பஹ்ரியில் ஹத்செப்சுத் கட்டிய கோயிலுக்குப் போனபோது, தாடி வைத்த மன்னரைப் பற்றிய வரிகள் பெண்பாலில் இருப்பதைப் பார்த்துத் திகைத்துப்போனார். தமிழில் சொன்னால் "மன்னன் வந்தாள்" என்பது போல. அதைப் படிக்கும்போது உங்களுக்கு நெருடுகிறது அல்லவா, அந்த நெருடல்தான் அவருக்கும்.

எனக்கு வந்த சிக்கல் வேறு. தமிழில் மரியாதையாக "அவர்" என்று போட்டுவிட்டால் ஆணா பெண்ணா என்பதே மறைந்துபோகும். கல்லில் அவர்கள் விட்டுவைத்த விகுதியை நம் மரியாதை விழுங்கிவிடும். யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். முடி சூடும் வரை "அவள்". சூடியதும் அரசவை, படை, பூசாரிகள், கதை சொல்கிற நான், எல்லாருக்கும் "அவர்". வளர்த்த தாதி சித்ரே மட்டும் கடைசி வரை "அவ" என்றுதான் சொல்வாள். தலை வாரிவிட்டவளுக்கு அந்த உரிமை உண்டு. சித்ரே கற்பனைப் பாத்திரம் இல்லை, அவளுடைய சவப்பெட்டி அரசர் சமவெளியின் 60-ஆம் எண் கல்லறையில் கிடைத்திருக்கிறது.

கடைசி அத்தியாயத்தில் உளி வருகிறது. மன்னராக நிற்கும் உருவங்களைத்தான் செதுக்கி எடுத்தார்கள். மன்னரின் மனைவியாக, ராணியாக இருந்த காலத்து உருவங்களைப் பெரும்பாலும் தொடவில்லை. "அவர்" போய் "அவள்" மட்டும் மிச்சம். அதைத்தான் அப்படி எழுதினேன்.

*தலைமை நிர்வாகி செனன்முத்துக்கும் அரசிக்கும் காதல் என்று எங்கோ படித்தேன். உங்கள் தொடரில் அதைத் தவிர்த்துவிட்டீர்களே?*
(மதுரை வாசகர்)

ஆதாரம் இல்லாததால் தவிர்த்தேன். சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர் செனன்முத். அமுன் கோயில் சொத்துகளுக்கு மேலாளர், அரசியின் மகள் நெஃபெரூரேவை வளர்க்கிற பொறுப்பு, பெரிய கட்டட வேலைகள் எல்லாம் அவர் கையில். ஓர் ஆண் மன்னர் திறமையான ஆளைக் கண்டு உயர்த்தினால் ஆளைத் தெரிந்தவர் என்கிறோம். பெண் உயர்த்தினால் மட்டும் காதலா? இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

அவருடைய சிலை ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார், உடம்பு முழுவதும் போர்வை. போர்வைக்கு வெளியே அவர் தலைக்கு முன்னால், ஒற்றைக் குடுமி வைத்த ஒரு பெண் குழந்தையின் தலை எட்டிப் பார்க்கும். அதுதான் நெஃபெரூரே. குளிருக்குத் தாத்தாவின் துண்டுக்குள் புகுந்துகொண்ட பிள்ளை மாதிரி. அந்தச் சிலையை வைத்து மூன்று அத்தியாயம் எழுதினேன்.

இன்னொன்றும் உண்டு. அவருடைய பெற்றோரின் கல்லறை 1936-ல் கொள்ளை போகாமல் கிடைத்தது. உள்ளே இருந்த ஜாடிகளில் ஒன்றில் ஏழாம் ஆண்டு என்ற குறிப்பு இருந்தது. ஒரு ஜாடி முத்திரையில் "தெய்வத்தின் மனைவி ஹத்செப்சுத்", இன்னொன்றில் "நல்ல தெய்வம் மாஅத்காரே", அதாவது மன்னரான பின் அவர் சூடிக்கொண்ட பெயர். ஏழாம் ஆண்டுக்குள் முடி சூடிவிட்டார் என்பதற்குப் பெரிய சான்று இந்த ஜாடிகள்தான். ஏழாவது அத்தியாயத்தில் முடிசூட்டை வைத்ததற்கும் அதுதான் காரணம்.

*புந்த் நாட்டுப் பயணம் உண்மையா, கற்பனையா? வெள்ளைப்போளத்தை அளக்கிறவன் "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணுகிறானே!*
(தேவகோட்டை வாசகி)

பயணம் உண்மை. ஆட்சியின் ஒன்பதாம் ஆண்டுக் கணக்கில் வருகிறது. வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசினுக்காகச் செங்கடல் வழியே கப்பலில் போன நாடுதான் புந்த். எண்ணியது என் தவறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு தை மாதம் லக்சருக்குப் போனேன். தெய்ர் எல்-பஹ்ரியில் செங்குத்தான மலையடியில் மூன்று தளமாக அவர் கட்டிய கோயில். நடுத்தளத்துக்கு ஏறினால் இடது கைப்பக்கத் தூண் மண்டபத்தில் அந்தப் பயணம் முழுக்கச் சுவரில் இருக்கிறது. ஐந்து கப்பல்கள். தண்ணீருக்குள் மீன்கள், செங்கடல் மீன்கள் என்று இனம் பிரிக்கிற அளவுக்குத் துல்லியம். தூண்களின் மேல் நிற்கும் குடிசைகள், ஏறுவதற்கு ஏணி. புந்த் தலைவர் பரஹு எதிர்கொள்ள வருகிறார், பின்னால் பருத்த உடம்போடு அவர் மனைவி அத்தி. அவளைச் சுமக்கிற கழுதைக்குக்கூட அந்தச் சுவரில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்கள். வேரோடு பிடுங்கிக் கூடையில் வைத்து, கம்பில் தொங்கவிட்டு, ஆட்கள் தோளில் தூக்கிக் கப்பலேற்றிய வாசனை மரங்கள் 31.

எனக்குப் பிடித்தது கப்பல்கள் திரும்பி வந்த பிறகு வரும் காட்சி. வெள்ளைப்போளம் அம்பாரமாகக் குவிந்து கிடக்கிறது, நம் களத்தில் நெல் குவிந்த மாதிரி. ஆட்கள் குனிந்து மரக்கால் போன்ற ஒன்றால் அளக்கிறார்கள். பக்கத்தில் தராசில் பொன் நிறுக்கிறார்கள். தோத் என்ற எழுத்துத் தெய்வம் நின்று கணக்கு எழுதுகிறது. செஷாத் என்ற பெண் தெய்வமும் எழுதுகிறாள். போரில் வென்றதைச் சுவரில் பொறித்த மன்னர்கள் எத்தனையோ பேர். இவரோ கொண்டு வந்த சரக்கையும் அதன் அளவையும் பெருமையாகப் பொறித்து வைத்தார். "கொண்டுவிக்கப் போன", அதாவது கடல் தாண்டி வியாபாரத்துக்குப் போன குடும்பத்தில் பிறந்தவள் நான். அந்தச் சுவர் முன்னால் நெடுநேரம் நின்றேன், கூட வந்தவர்கள் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

அந்த நினைவில் எழுதியபோதுதான் "லாபம்" வந்துவிட்டது. முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்பது நம் களத்து வழக்கம், எகிப்து வழக்கம் அல்ல. புத்தகமாக வரும்போது எடுத்துவிடுகிறேன். சுட்டிக் காட்டியதற்கு நன்றி ஆச்சி.

*ஒரு தமிழ் வணிகரை அந்த அரசவைக்கு அனுப்பியிருக்கலாமே? ராமசேஸ் மம்மியின் மூக்கில் நம் மிளகு இருந்ததே!*
(இராமநாதபுரம் வாசகர்)

இருந்தது உண்மைதான். ஆனால் இரண்டாம் ராமசேஸ் இறந்தது கி.மு. 1213-ல், ஹத்செப்சுத்துக்கு ஏறக்குறைய 245 வருஷம் கழித்து. அந்த மிளகும் எத்தனை கை மாறிப் போனதோ. செங்கடல் கரையில் பெரெனிகே கோயிலில், இந்தியாவில் செய்த ஜாடிக்குள் 7.5 கிலோ மிளகு கிடைத்தது, குசைர் அல்-கதீமில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. இவையெல்லாம் ரோமானியர் காலம். உங்கள் ஊர்ப் பக்கத்து அழகன்குளமும் அந்தக் காலத்தில் செழித்த துறைமுகம்தான். அந்தப் பெருமை நமக்குப் போதும், இல்லாத ஆளை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

*நான் எட்டாம் வகுப்பு. அந்தத் தூண் எவ்வளவு எடை?*
(பள்ளத்தூர் மாணவன்)

அரசி நிறுத்திய ஒற்றைக்கல் ஊசித்தூண் கர்னாக் கோயிலில் இன்றும் நிற்கிறதே, அது ஏறக்குறைய 29.5 மீட்டர் உயரம், 320 டன்னுக்கு மேல். ஒரே கருங்கல் தம்பி, ஒட்டு இல்லை! வெட்டி எடுக்க ஏழு மாதம் ஆனது என்று அடியில் எழுதியே வைத்திருக்கிறார் அரசி. இரும்பு உளி இல்லாத காலம். டோலரைட் என்ற கடினமான கல்லைப் பந்து போல் உருட்டிக்கொண்டு, அடித்து அடித்துத்தான் பெயர்த்தார்கள். ஆஸ்வான் கல்குழியில் சுமார் 42 மீட்டருக்கு வெட்டிக்கொண்டிருந்த ஒரு தூண் விரிசல் விட்டதால் அப்படியே விடப்பட்டுக் கிடக்கிறது. அதையும் பார்த்தேன், உளைந்துபோனது மனசு.

*மூன்றாம் துத்மோஸை இன்னும் கெட்டவராகக் காட்டியிருக்கலாம். பெயரையே அழித்தவர் அல்லவா?*
(சென்னை வாசகி)

நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். இருபது அத்தியாயம் எழுதிய பிறகு கிழித்துப் போட்டேன். பழிவாங்க நினைக்கிறவர் மறுநாளே உளியை எடுத்திருப்பார். அவர் எடுத்தது ஹத்செப்சுத் இறந்து சுமார் இருபது வருஷம் கழித்து, தம் ஆட்சியின் கடைசிக் காலத்தில். அதற்குள் மெகித்தோவை வென்று பேரரசராகிவிட்டார். நேற்றைய கோபம் இவ்வளவு நாள் காத்திருக்காது. தம் மகன் தகராறில்லாமல் பட்டத்துக்கு வர வேண்டும், அப்பன் வழி மகன் என்று வரிசை சீராகத் தெரிய வேண்டும் என்ற கவலைதான் காரணம் என்று பல அறிஞர்களைப் போல நானும் நம்புகிறேன். உடைந்த சிலைகளைப் பற்றி 2025-ல் ஓர் ஆய்வு வந்தது. பல சிலைகள் கழுத்திலும் இடுப்பிலும் முழங்காலிலும் உடைக்கப்பட்டிருக்கின்றன, மற்ற மன்னர்கள் சிலைகளின் சக்தியை இறக்கவும் அப்படித்தான் செய்வார்கள் என்கிறது. அதாவது சிலைகள் எல்லாவற்றையும் வெறுப்போடு உடைக்கவில்லை.

ஆனாலும் சுவரில் செதுக்கியது செதுக்கியதுதான். கர்னாக்கில் ஒரு சுவரைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தெய்வங்கள் நின்று புனித நீரை ஊற்றுகின்றன, வளைந்து விழுகிற நீர் அப்படியே இருக்கிறது. நடுவில் நின்றவர் இல்லை. ஆள் உருவத்துக்குச் சொரசொரப்பாக ஒரு குழி. கிரீடத்தின் விளிம்பு தெரிகிறது, தோள் தெரிகிறது. உளிக்காரன் ஓரம் பிசகாமல் செதுக்கியதால்தான் அங்கே நின்றது யார் என்று இன்று சொல்ல முடிகிறது.

*முதல் அத்தியாயத்தில் "இடக்கைக்காரிக்கு" என்று சமர்ப்பணம் போட்டிருந்தீர்கள். யார் அது?*
(கண்டனூர் வாசகி)

என் அப்பத்தா.

ஐயா, அதாவது அப்பத்தாவின் கணவர், ரங்கூனில் கடை வைத்திருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், சில மாதம் இருப்பார், கப்பலேறிவிடுவார். இங்கே வீட்டு வரவு செலவு, குத்தகை நெல், கோயில் வரி, ஆளுக்குக் கூலி எல்லாம் அப்பத்தா பார்த்தார். எங்கள் வீடு பங்கு பிரிந்தபோது வெள்ளியும் எனாமல் சாமானும் தேக்குப் பெட்டகமும் ஆளுக்கொன்றாகப் போயின. பழைய கணக்குச் சிட்டைகளை எடைக்குப் போட்டுவிடலாம் என்றார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எல்லாச் சிட்டையிலும் மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே ஐயாவின் விலாசம். அப்பத்தா பெயர் எங்கேயும் இல்லை. உள்ளேயும் "வரவு வைத்தேன்", "பற்று எழுதினேன்" என்றுதான் இருக்கிறது. எகிப்து மொழியில் ஒரு விகுதியாவது மிஞ்சியது. நம் மொழியில் "வைத்தேன்" என்றால் ஆணா பெண்ணா தெரியாது. உறவில் பெரியவர் ஒருவர், ஐயா ரங்கூனிலிருந்து எழுதி அனுப்பிய கணக்கு இது என்று என்னிடமே சொன்னார்.

அப்பத்தாவுக்குப் பீச்சாங்கைப் பழக்கம். சாப்பிட மட்டும் சோத்துக்கை, எழுதுவது இடக்கையில். மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுதும்போது, முன்னால் எழுதிய வரி காய்வதற்குள் கை அதன் மேல் போகும். சின்னப் பிள்ளையில் அவர் சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கையில் நீலம் ஏறியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். சிட்டையைப் பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் ஒவ்வொரு வரியும் வலப்பக்கமாக இழுபட்டிருக்கிறது, பழைய மாகாணி, அரைக்கால் குறிகள் மேலெல்லாம் மெல்லிய நீல இழுப்பு. 1942-ல் பர்மாவிலிருந்து ஐயா கால்நடையாக வந்து சேர்ந்த பிறகுள்ள பக்கங்களில் அந்த இழுப்பு இல்லை. சுத்தமான எழுத்து. வேறு கை.

ஐயா வருவதற்கு முந்தைய கடைசிப் பக்கத்தை இப்போதும் மேசை மேல் விரித்து வைத்திருக்கிறேன். ஆள் கூலி, எண்ணெய், கோயில் வரி, அப்புறம் ஒரு வரி இருக்கிறது: "பெட்டகச் சாவி இரண்டும் என்வசம்." அந்த "என்வசம்" மேலேதான் மை நன்றாக இழுபட்டிருக்கிறது.