பக்கவாட்டில் கூடுதல் சிலிண்டர் கட்டினால் ஈயத்தைக் குறைக்க வேண்டுமா?

முதுகில் 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர், இடப்பக்கம் 5.7 லிட்டர் சின்ன சிலிண்டர் கட்டி முட்டம் பக்கம் முங்குகிறீர்கள். உடம்பு இடப்பக்கம் சாய்கிறது, கால் தாழ்கிறது, மிதக்காமல் முங்குவதற்காகக் கட்டிய ஈயத்தில் எத்தனை கிலோவைக் கழற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஈயம் சின்ன சிலிண்டர் இல்லாமல் சரியாக இருந்ததென்றால், ஒரு கிராம்கூடக் கழற்றாதீர்கள். இடத்தை மட்டும் மாற்றுங்கள்.

படகில் தூக்கும்போது 8 கிலோவுக்கு மேல் கனக்கும் அந்தச் சின்ன சிலிண்டர், நிறைந்திருக்கும்போது கடல்நீரில் சுமார் 300 கிராம்தான் கீழே இழுக்கும். காலியானால் 1 கிலோ அளவுக்கு மிதக்கும். இந்த வித்தியாசம் முழுக்க உள்ளே இருந்த காற்றின் எடை. வெளியில் 1 லிட்டர் காற்று 1.2 கிராம் இருக்கும், சிலிண்டருக்குள் அதைப் பல மடங்கு அமுக்கி அடைத்திருப்பார்கள். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் தண்ணீருக்குள் 1 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். இரண்டையும் கூட்டினால், நிறைந்த சிலிண்டர் 1.2 கிலோ இழுக்கும், காலியானது மிதக்கவும் செய்யாது, தாழவும் செய்யாது. அந்த 1.2 கிலோவை நம்பி ஈயத்தைக் கழற்றிவிட்டால், அவசரத்தில் அதன் காற்று தீரும்போதோ, கூட வந்தவருக்கு அதைக் கழற்றிக் கொடுக்கும்போதோ, மேலேறும் வழியில் பாதுகாப்புக்காக 5 மீட்டர் ஆழத்தில் நிற்க முடியாமல் மேலே போய்விடுவீர்கள். நிற்பது மிக அவசியமான நேரமே அதுதான்.

கூடுதல் சிலிண்டரும் 11.1 லிட்டர் என்றால் கணக்கு வேறு. காலியில் 2 கிலோ மிதக்கும், ரெகுலேட்டர் எடை போக 1 கிலோ மிஞ்சும். அந்த 1 கிலோ ஈயத்தை இடுப்பில் சேர்க்காமல் அந்தச் சிலிண்டரின் அடிப்பகுதியிலேயே பட்டியால் கட்டுங்கள். காற்று குறையக் குறைய வால் தூக்குவதையும் அது தடுக்கும். கழற்றிக் கொடுத்தாலும் ஈயம் சிலிண்டரோடே போய்விடும்.

ஈயம் சரியா என்று முங்கலின் கடைசியில் பாருங்கள். முதுகுச் சிலிண்டரில் 50 பார் அழுத்தம், பிசிடியில் (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் அங்கியில்) காற்றே இல்லை, சின்ன சிலிண்டரைக் கூட வந்தவரிடம் கொடுத்தாயிற்று. 5 மீட்டரில் நங்கூரக் கயிற்றின் பக்கத்தில் அசையாமல் நிற்க முடிய வேண்டும். கடல் ஆடும் நாளில் இதைச் செய்யாதீர்கள். உங்களைத் தூக்குவது அலையா, ஈயக் குறைவா என்று தெரியாது. நாகர்கோவிலில் நீச்சல் குளத்தில் பார்த்த கணக்கும் இங்கே உதவாது: ஆளும் சாமானும் சேர்ந்து 100 கிலோ என்றால், உப்புநீரில் சுமார் 2.5 கிலோ ஈயம் கூடுதலாக வேண்டும்.

இனி சாய்வு. இடப்பக்கப் பையிலிருந்து அரை கிலோவை எடுத்து வலப்பக்கம் வையுங்கள். ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் கூடுவதால் 1 கிலோ வித்தியாசம் கிடைக்கும். பலர் 1.2 கிலோவையும் அப்படியே மாற்றிவிட்டு வலப்பக்கம் சாய்கிறார்கள். கால் தாழ்வதற்குப் பெரும்பாலும் காரணம் இடுப்பு பெல்ட்டில் எல்லா ஈயமும் இருப்பதுதான். 1 அல்லது 2 கிலோவை முதுகுச் சிலிண்டரின் மேல் பட்டிக்கு ஏற்றுங்கள். காற்று குறையும்போது அந்தச் சிலிண்டரின் அடி மிதந்து காலைத் தானாகத் தூக்கும், ஆகவே தொடக்கத்தில் கால் இம்மி தாழ்ந்திருந்தால் விட்டுவிடலாம்.

ஈயத்தை மாற்றியும் சாய்ந்தால் சிலிண்டர் தொங்குகிறதா என்று பாருங்கள். வால்வு அக்குளுக்குக் கீழே, சிலிண்டர் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். மேல் கொக்கி மார்பு டி-ரிங்கில் (பட்டியில் உள்ள D வடிவ வளையத்தில்), கீழ்க் கொக்கி இடுப்பு டி-ரிங்கில். கீழ்க் கயிறு நீளமாக இருந்தால் நீவாடு (நீரோட்டம்) சிலிண்டரைப் பிடித்து இழுக்கும், நீங்கள் அதோடு திரும்புவீர்கள். ஹோஸைச் சைக்கிள் டியூப் வளையத்துக்குள் மடக்கிச் செருகுங்கள். பார்களில் (கடலடிப் பாறைகளில்) அறுந்து கிடக்கும் வலை முதலில் பிடிப்பது தொங்கும் ஹோஸைத்தான். கொக்கிகளைக் கம்பியால் கட்டாமல் கயிற்றால் கட்டுங்கள், சிக்கினால் கத்தியால் அறுக்கலாம்.