காங்கிரியும் பாதாம் பூவும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். காஷ்மீரின் குளிர்காலம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைச் சென்ற வாரம் படித்தேன். நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பகல் முழுவதும் இயந்திரம் பின்னிய துணியைப் பார்த்துவிட்டு வந்து, இரவில் குரோஷா ஊசியைக் கையில் எடுப்பது எனக்குப் பெரிய ஆறுதல். பனி மூடிய கிராமத்தில், நெருப்புச் சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நூல் நூற்கும் பெண்களைப் பற்றிப் படித்தபோது, வாழ்ந்தால் அப்படி வாழ வேண்டும் என்று தோன்றியது. என் கணவரோ, “அது வேறு வழியில்லாமல் செய்யும் வேலை, தூரத்தில் இருந்து பார்ப்பதால் உனக்கு அழகாகத் தெரிகிறது” என்கிறார். அவர் சொல்வது சரிதானா? வசந்தம் வந்ததும் அந்தக் கைவேலை என்ன ஆகிறது? நேரில் பார்க்க எப்போது போகலாம்?

ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. ஆனால் வறுமையும் உழைப்பும் இருக்கும் இடத்தில் இதம் இருக்க முடியாது என்று அவர் முடிவு கட்டுவாரானால், அதை என்னால் ஏற்க இயலாது. அந்த வீடுகளில் நான் உணர்ந்த கதகதப்பு மெய்யானது. அது எப்படி உண்டாகிறது என்பதை என் கட்டுரையில் போதுமான அளவு சொல்லவில்லை என்பதை உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் உணர்ந்தேன்.

காஷ்மீரிகளும் நம்மைப் போல ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தவர்கள். கடுங்குளிருக்கு அவர்களிடம் தனிக்கணக்கு உண்டு. டிசம்பர் 21இல் தொடங்கும் 40 நாட்கள் ‘சில்லாய் கலான்’, அடுத்த 20 நாட்கள் ‘சில்லாய் குர்த்’, கடைசி 10 நாட்கள் ‘சில்லாய் பச்சா’ என்று மொத்தம் 70 நாட்கள். இந்த நாட்களில் வயலில் வேலை கிடையாது. பனி பெய்தால் பாதையும் அடைபடும். ஆகவே வெளியே நீளாத கை வீட்டுக்குள் ஏதாவது ஒன்றைச் செய்கிறது. கைவேலை குளிர்காலத்தோடு ஒட்டிக்கொண்டதற்கு முதற்காரணம் அதுவே.

ஆனால் அந்த 70 நாட்களுக்கான ஏற்பாடு இலையுதிர்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. காங்கிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பழந்தமிழில் தடவு என்றும் பிற்காலத்தில் கணப்பு என்றும் சொல்லப்பட்ட நெருப்புச் சட்டிதான் அது; ஆனால் கையோடு எடுத்துச் செல்லக்கூடியது. உள்ளே ஒரு மண் கலயம், அதைச் சுற்றி வில்லோ மரத்தின் மெல்லிய குச்சிகளால் பின்னிய கூடை, மேலே பிடிப்பதற்கு வளைந்த கைப்பிடி. அந்தக் குச்சிகளை இலையுதிர்காலத்தில் வெட்டி, பெரிய கொப்பரைகளில் வேகவைத்துப் பட்டையை உரித்து, வெயிலில் காயவைத்த பிறகே பின்ன முடியும். உள்ளே இடும் கரிக்கும் அதுதான் பருவம். சினார் மரங்கள் இலை உதிர்க்கும்போது அந்தச் சருகைக் கூட்டிச் சேர்த்து எரித்து, சாம்பலாகிவிடாமல் நடுவில் தண்ணீர் தெளித்து அணைத்து, கரியாக்கி மூட்டை கட்டுகிறார்கள். கத்தரிக்காயையும் சுரைக்காயையும் தக்காளியையும் சரம் கோத்துச் சுவரில் காயப்போடுவதும் அப்போதுதான். ஜனவரியில் நாம் காணும் இதமான அறை, அக்டோபரில் பலர் குனிந்து நிமிர்ந்து சேர்த்து வைத்தது.

பட்காம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், பிப்ரவரி மாதக் கடைசியில், எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு மூதாட்டியின் அருகில் ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். குளிரைத் தடுப்பதற்காக ஜன்னலில் பாலித்தீன் தாள் ஒட்டியிருந்தது. அதன் வழியாக வந்த வெளிச்சம் பால் கலந்த தண்ணீர் போல மங்கலாக இருந்தது. அவர் தம் ராட்டையை அந்த ஜன்னலோரமாகப் போட்டிருந்தார். பஷ்மினா என்னும் ஆட்டுக் கம்பளியின் இழை மனிதத் தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லியது. 12 முதல் 15 மைக்ரான் வரைதான் இருக்கும். அதைக் கண்ணால் பார்த்து நூற்க முடியாது, விரல்நுனி சொல்ல வேண்டும். விரல் குளிர்ந்தால் அந்த உணர்வு போய்விடும். ஆகவே சிறிது நேரத்துக்கு ஒருமுறை அவர் நூற்பதை நிறுத்தி, காங்கிரியின் கைப்பிடியில் நூல்கட்டித் தொங்கிய சிறு கரண்டியால் மேற்சாம்பலை மெல்ல விலக்கி, கங்கு சிவந்ததும் இரண்டு கைகளையும் அதன்மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார். பிறகு மறுபடியும் சாம்பலை மூடினார். பக்கத்திலிருந்த தட்டில் அரிசிமாவு இருந்தது. ஊறவைத்து இடித்த அந்த மாவில் புரட்டினால்தான் கம்பளியிலுள்ள பிசுக்கு நீங்கி இழை இழுபடும் என்றார். நெருப்பு அந்த வீட்டில் வேலையின் ஒரு கருவியாக இருந்ததை அன்றுதான் கண்டேன்.

கூலியைப் பற்றிச் சொன்னால் உங்கள் கணவரின் பக்கம் வலுவாகிவிடும். பத்து இழைகள் சேர்ந்த ஒரு முடிச்சுக்கு ஒரு ரூபாய் என்பதே பல ஆண்டுகள் நீடித்த கணக்கு. இயந்திரத்தில் நூற்ற நூல் வந்த பிறகு ராட்டையைப் பரணில் ஏற்றிவிட்ட பெண்கள் ஏராளம். காஷ்மீர் பஷ்மினாவுக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஸ்ரீநகரை யுனெஸ்கோ 2021இல் கைவினைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது. இவை நல்ல செய்திகளே. ஆயினும் நூற்பவரின் கைக்கு வந்து சேரும் பணம் கூடாதவரை என் மனம் அவற்றில் நிறைவடையாது. காங்கிரியும் தீங்கற்றதல்ல. ஆண்டுக்கணக்கில் அதை உடலோடு அணைத்து வைப்பதால் தொடையிலும் வயிற்றிலும் வரும் தோல் புற்றுநோயை எல்ம்ஸ்லி என்ற மருத்துவர் 1866லேயே பதிவு செய்திருக்கிறார். இவ்வளவும் தெரிந்த பின்னும் சொல்கிறேன்: அந்த மூதாட்டி நூலை இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரே சீராக வந்திருப்பதைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டபோது அவர் முகத்தில் இருந்தது மனநிறைவு. அதை நான் தூரத்திலிருந்து பார்க்கவில்லை.

இனி வசந்தம். அவர்களுடைய ‘சோந்த்’ மார்ச் நடுவிலேயே தொடங்கிவிடுகிறது. நம் இளவேனிலுக்கு ஒரு மாதம் முன்பாக. ‘யெம்பர்சல்’ என்கிற நர்கிஸ் பூ தலைகாட்டும்; ஸ்ரீநகரில் ஹரி பர்பத் குன்றின் அடியில் உள்ள பாதாம்வாரித் தோட்டத்தில், இலை வருவதற்கு முன்பே கிளையெல்லாம் வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் பாதாம் பூக்கும். காஷ்மீர இந்துக்களான பண்டிதர்களின் வீடுகளில் நவ்ரே என்னும் புத்தாண்டன்று, அரிசி, தயிர், வால்நட், உப்பு, எழுதுகோல், நாணயம், புதுப் பஞ்சாங்கம் ஆகியவற்றைத் தட்டில் வைத்து விடியற்காலையில் முதற்காட்சியாகக் காண்கிறார்கள். நம்மூர்ச் சித்திரைக் கனி உங்களுக்கு நினைவு வரும். இந்த நாட்களில் நூற்கும் கை மண்ணுக்குப் போய்விடுகிறது. கீரைப்பாத்தி கொத்த வேண்டும், ஆப்பிள் தோட்டத்தில் வேலை காத்திருக்கும், பிறகு நெல் நாற்றங்கால் இருக்கிறது.

அதே வசந்தத்தில், லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில், 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், ஆடுகள் குளிருக்காக வளர்த்த அடிமயிரை உதிர்க்கத் தொடங்குகின்றன. மேய்ப்பர்கள் அதைச் சீப்பால் வாரி எடுக்கிறார்கள். ஆட்டை அந்தக் குளிரில் காப்பாற்றிய கம்பளிதான், சுத்தம் செய்யப்பட்டுப் பள்ளத்தாக்குக்கு இறங்கி வந்து, வரப்போகும் பனிநாட்களில் ராட்டையில் ஏறுகிறது.

எப்போது போவது என்று கேட்டிருந்தீர்கள். நூற்பதைப் பார்க்க வேண்டுமானால் பிப்ரவரி மூன்றாம் வாரம் நல்லது. குளிர் சற்றுத் தணிந்திருக்கும், வயல் வேலை இன்னும் தொடங்கியிருக்காது. பூவைப் பார்க்க மார்ச் நடுவில் போகலாம். இரண்டும் வேண்டுமானால் இரண்டு முறை போங்கள். வாய்ப்பிருந்தால் பட்காமிலுள்ள கனிஹாமா என்ற நெசவு ஊருக்கும் சென்று, ‘தாலிம்’ என்னும் குறியீட்டுத் தாளைப் படித்துப் படித்து, நூல் சுற்றிய ‘கனி’ என்னும் சிறு மரக்குச்சிகளால் கனி சால்வையில் பூ நெய்வதைப் பாருங்கள். தரக்கட்டுப்பாட்டில் பழகிய உங்கள் கண்ணுக்கு அதில் என்னைவிட அதிகம் தெரியும். உங்கள் குரோஷா ஊசியையும் எடுத்துச் செல்லுங்கள். அந்த மூதாட்டிக்கும் எனக்கும் பொதுமொழி இல்லை, அவருடைய பேத்திதான் மொழிபெயர்த்தாள். உங்களுக்கு அந்தத் தேவை அதிகம் இருக்காது. நான் விடைபெறும்போது அவர் என் கையை எடுத்துத் தம் காங்கிரியின் மேல் வைத்து, ஏப்ரலில் வந்தால் நாற்றங்காலில் என்னைத் தேடு என்று சொல்லச் சொன்னார்.

அன்புடன்